உங்களுக்குத் தெரியுமா? முட்டையிட்ட பச்சோந்திக்கு முதலில் வேண்டியது தண்ணீர்

● இலங்கையில் வாழும் பச்சோந்தி ஒரே ஓர் இனம். உலகில் இருநூறுக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றில் கிட்டத்தட்டப் பாதி மடகஸ்கார் தீவில். நமக்கு வாய்த்தது ஒன்று. இந்தியாவுக்கும் அதே ஒன்றுதான். 1768இல் லோரென்ரி என்ற ஒஸ்திரிய இயற்கை ஆய்வாளர் அதற்கு அறிவியற்பெயர் சூட்டியபோது இலங்கையின் பெயரையே சேர்த்து வைத்தார்: 'கமேலியோ சைலானிக்கஸ்'. ஈரவலயக் காடுகளில் தேடினால் கிடைக்காது. அது வறண்ட மண்ணின் பிராணி. வில்பத்துக் காடு, வனாத்தவில்லுச் செம்மண், மன்னார் வரை நீளும் வடமேற்குக் கரை, இவையெல்லாம் அதன் வீடு. டொல்பின் பார்க்கக் கற்பிட்டிக்கு வருகிறவர்கள் பலர், தலைக்கு மேலே கிளையில் இருப்பதைக் காணாமலே திரும்பிப் போகிறார்கள்.

● சிங்களத்தில் அதன் பெயர் 'போதிலிமா'. தமிழில் பச்சை ஓந்தி, பச்சோந்தி. ஓந்தி என்பதன் இன்னொரு வடிவமான 'ஓதி' குறுந்தொகையிலேயே இருக்கிறது. இவ்வளவு பழைய பெயரைக் கட்சி தாவுகிறவர்களுக்குச் சூட்டி, ஒரு சாதுப் பிராணிக்கு அநியாயம் செய்துவிட்டோம். பச்சோந்தி நிறம் மாறுவது பெரும்பாலும் யாரையும் ஏமாற்ற அல்ல. குளிர்ந்த காலையில் உடலைக் கருமையாக்கி வெயிலை வாங்கிக்கொள்கிறது. சண்டைக்கு ஒரு நிறம், இணக்கத்துக்கு ஒரு நிறம். வயிற்றில் முட்டை இருக்கும் பெண், ஆணைக் கண்டதும் 'கிட்ட வராதே' என்று சொல்வதும் நிறத்தால்தான். தோலுக்குள் இருக்கும் நுண்ணிய படிகங்கள் நெருங்கியும் விலகியும் ஒளியை வெவ்வேறாகத் திருப்பி அனுப்புவதால் இது நடக்கிறது என்று 2015இல் ஜெனீவாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள்.

● பச்சோந்தியின் கால்களைக் கவனித்திருக்கிறீர்களா? ஐந்து விரல்களும் இரண்டு கட்டாகச் சேர்ந்து குறடு போல் இருக்கும். முன்காலில் வெளிப்பக்கம் இரண்டு, உட்பக்கம் மூன்று. பின்காலில் இது தலைகீழ். கிளையைக் கவ்வுவதற்கென்றே அமைந்த கால். தரையில் வைத்தால் தள்ளாடும். அந்தக் காலை வைத்துக்கொண்டுதான் பெண் பச்சோந்தி மரத்தை விட்டு இறங்கி, மண்ணைத் தோண்டி, முட்டையிடுகிறது. அதன் வாழ்க்கையில் மிக ஆபத்தான பயணம் இதுவே.

● முட்டையிடும் நாள் நெருங்கினால் அதன் குணம் மாறும். சாப்பாடு குறையும், ஒரு கிளையில் நிலைகொள்ளாது, கீழே இறங்கி ஏறித் திரியும். இடம் பிடித்துவிட்டால் முன்காலால் கீறி, பின்காலால் மண்ணை வெளியே தள்ளி, தலை முதலாக உள்ளே போகும். வேரோ கல்லோ தட்டுப்பட்டால் அந்தக் குழியைக் கைவிட்டு வேறு இடம் தேடும். யாராவது நின்று பார்த்தாலும் பல சமயம் வேலையை நிறுத்திவிடும். சுரங்கம் சரியாக அமைந்த பிறகு உள்ளேயே திரும்பி, தலையை வாசல் பக்கம் வைத்து முட்டையிடும். பிறகு மண்ணைத் தள்ளி மூடி, காலால் மிதித்து இறுக்கி, மேலே ஒன்றும் நடக்காதது போல் ஆக்கிவிட்டுத்தான் போகும். எல்லாம் முடிய ஒரு முழுப் பகலும் ஆகலாம். சில பெண்கள் மறுநாளும் தொடரும். அத்தனை நேரமும் அதற்குத் தண்ணீரும் இல்லை, தீனியும் இல்லை.

● கற்பிட்டி மணலில் விளையாடி வளர்ந்த எந்தப் பிள்ளைக்கும் ஒன்று தெரியும்: காய்ந்த மணலில் குகை தோண்ட முடியாது; தோண்டத் தோண்டச் சரியும். ஈர மணல்தான் நிற்கும். பச்சோந்தி தேடுவதும் அந்த ஈரத்தைத்தான். சுரங்கம் இடியாமல் நிற்க ஒரு காரணம். முட்டை காயாமல் இருக்க இன்னொரு காரணம். பச்சோந்தி முட்டைக்குக் கோழி முட்டை போல் கடின ஓடு இல்லை. தோல் போன்ற மெல்லிய ஓடு. அது மண்ணிலிருந்து நீரை உறிஞ்சி, நாளாக நாளாகப் பெரிதாகும். நம் கரையில் மழை பெரும்பாலும் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டித் தீர்த்துவிடும். ஏப்ரல் பக்கம் இன்னொரு சிறு மழை. மற்ற மாதங்களில் மேல்மண்ணில் ஈரம் இராது. கிணற்று நீர் இறைத்து மிளகாயும் வெங்காயமும் செய்யும் தோட்டங்களின் ஓரம் மட்டும் நனைந்திருக்கும். முட்டையிட ஈர மண் தேடும் பெண்ணைத் தோட்டத்து வரப்பில் கண்டால் அதிசயப்பட வேண்டாம்.

● நம் பச்சோந்தி ஒரு தடவைக்குப் பத்திலிருந்து முப்பது வரை முட்டையிடும். வால் நீங்கலாக ஒரு சாணுக்கும் குறைந்த உடலில் இத்தனை முட்டையா என்று யோசித்துப் பாருங்கள். முட்டையிட்டு முடிந்த பெண்ணைப் பார்த்தால் அடையாளம் தெரியாது. விலாப்பக்கம் உள்ளே போயிருக்கும். இடுப்பெலும்பு துருத்தும். கண்கள் குழிந்திருக்கும். நகத்திலும் மூக்கிலும் மண். 'சாகக் கிடக்கிறது' என்று நினைப்பவர்களே அதிகம். பெரும்பாலும் அது சாகக் கிடக்கவில்லை. காய்ந்து கிடக்கிறது. தண்ணீர் போனால் பாதி உயிர் வந்துவிடும்.

● ஆனால் தண்ணீரைக் கிண்ணத்தில் வைத்தால் குடிக்காது. இது பலருக்குத் தெரியாத விஷயம், தெரியாததால்தான் பல பச்சோந்திகள் செத்திருக்கின்றன. காட்டில் அது குடிப்பது இலையில் உருளும் பனித்துளியையும் மழைத்துளியையும். அசையும், மினுங்கும் துளிதான் அதன் கண்ணுக்குத் தண்ணீர். தேங்கி நிற்கும் நீரைப் பெரும்பாலும் பொருட்படுத்தாது. அதனால் தலைக்கு மேலே உள்ள இலைகளில் மென்மையாகத் தெளிக்க வேண்டும். முகத்துக்கு நேரே அடிக்கக் கூடாது. இரண்டு தரம் தெளித்துவிட்டுப் போனால் போதாது; பத்து நிமிடம், கால் மணித்தியாலம் என்று பொறுமையாகத் தெளித்தால்தான் மெல்ல நாக்கை நீட்டத் தொடங்கும். வெளிநாட்டில் கூட்டில் வளர்ப்பவர்கள் யோகட் கோப்பையின் அடியில் ஊசியால் ஒரு துளை போட்டு, நீர் ஊற்றி, செடிக்கு மேலே தொங்கவிடலாம். சொட்டுச் சொட்டாக இலையில் விழும் நீரை அது வேண்டிய மட்டும் குடிக்கும். வாயைப் பிளந்து ஊற்றுவது மட்டும் வேண்டவே வேண்டாம். புரையேறி நீர் நுரையீரலுக்குப் போய்விடும்.

● குடித்தது போதுமா என்று எப்படி அறிவது? எச்சத்தைப் பாருங்கள். கறுப்புக் கழிவோடு ஒட்டி வரும் உப்புப் பகுதி வெள்ளையாக இருந்தால் உடலில் நீர் போதும். மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ இருந்தால் இன்னும் தாகம்.

● இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். இலங்கையில் யாரும் பச்சோந்தியை வீட்டில் வளர்க்க முடியாது. வனஜீவராசிகள், தாவரங்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. பின்னாளில் பல தடவை திருத்தப்பட்டும் இருக்கிறது. அதன்படி நம் பச்சோந்தி பாதுகாக்கப்பட்ட பிராணி. பிடிப்பது, அடைத்து வைப்பது, விற்பது, கொல்வது எல்லாம் குற்றம். நாடு கடந்து நடக்கும் வியாபாரத்தைக் கட்டுப்படுத்தும் 'சைட்டிஸ்' உடன்படிக்கையின் இரண்டாம் இணைப்பிலும் அது இருக்கிறது. வெளிநாட்டுச் செல்லப்பிராணிச் சந்தைக்கு இலங்கையின் ஊர்வன கடத்தப்படுவது கற்பனை அல்ல. அந்தக் கவலையால்தான் நம் மலைநாட்டுக் கொம்பு ஓணான்களும் 2019இல் ஜெனீவாவில் கூடிய மாநாட்டில் அதே உடன்படிக்கைக்குள் கொண்டுவரப்பட்டன. 'பாவம், முட்டையிட்டுக் களைத்துக் கிடந்தது, வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு கிழமை வைத்துப் பார்த்தேன்' என்பதும் சட்டத்துக்கு உதவாது. பச்சோந்திக்கும் உதவாது.

● அப்படியென்றால் உலகம் முழுக்கக் கூட்டில் வளர்க்கிறார்களே, அது எது? பெரும்பாலும் யேமனையும் சவூதி அரேபியாவின் தென்மேற்கு மூலையையும் தாயகமாகக் கொண்ட முக்காட்டுப் பச்சோந்தி. தலையில் உயரமான கொண்டை இருக்கும். பண்ணைகளில் இனப்பெருக்கம் செய்து விற்கிறார்கள். வளைகுடாவில் வேலை செய்த நம் ஊர்க்காரர் சிலர் கடைகளில் கண்டிருப்பார்கள். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் இருக்கும் தமிழ்ப் பிள்ளைகள் சிலருக்கு அது செல்லப்பிராணி. சட்டப்படி வளர்க்கக்கூடிய நாட்டில், சட்டப்படி வாங்கியதென்றால், கீழே வரும் மூன்று நான்கு குறிப்புகள் அவர்களுக்கு.

● சேவல் இல்லாமலே கோழி முட்டையிடுவது போல, முக்காட்டுப் பச்சோந்திப் பெண்ணும் ஆணைக் காணாமலே முட்டையிடும். பிறந்து நான்கு முதல் ஆறு மாதத்துக்குள் முதல் முட்டை வந்துவிடலாம். ஒரு தடவைக்கு இருபது சாதாரணம். ஐம்பது, அறுபது என்று போவதும் உண்டு. 'ஆண் இல்லையே, பிறகு எதற்கு மண் தொட்டி?' என்று நினைத்து வைக்காமல் விட்டதால் முட்டை வெளியே வராமல் உள்ளேயே தங்கி இறந்த பெண்கள் ஏராளம். ஒரு சாணுக்கு மேல் ஆழமுள்ள தொட்டியில், கையால் பிடித்தால் உருண்டை நிற்கும் அளவுக்கு நனைத்த சுத்தமான மணல் எப்போதும் கூட்டில் இருக்க வேண்டும். தோண்டத் தொடங்கியதும் கூட்டைத் துணியால் மறைத்துவிட்டு விலகிப் போங்கள். குழியை அது தானே மூடி முடிக்கும் வரை கிட்டப் போக வேண்டாம். என்னைக் கேட்டால், இந்தத் தொட்டிக்கு இடமில்லாதவர்கள் பெண் பச்சோந்தியை வாங்கவே கூடாது.

● முட்டையிட்ட பெண்ணுக்குத் தண்ணீருக்கு அடுத்தபடி கல்சியம். இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பெரும்பாலான தவறுகள் இங்கேதான் நடக்கின்றன. முட்டை ஓட்டுக்குக் கல்சியம் வேண்டும். மஞ்சட்கருவுக்குள்ளும் குஞ்சுக்கென்று கல்சியம் போகிறது. தாய் இதைத் தன் எலும்பிலிருந்து எடுத்துக் கொடுக்கிறது. தசை சுருங்கவும் கல்சியம் தேவை. அது குறைந்தால் முட்டையைத் தள்ளும் வலுவே போய்விடும். குறைவு நீடித்தால் தாடை இறப்பர் போல் மென்மையாகும், கால் வளையும், நாக்கை வீசிப் பூச்சி பிடிக்க முடியாமல் போகும். வீட்டில் கொடுக்கும் சிள்வண்டில் கல்சியம் குறைவு, பொஸ்பரஸ் அதிகம். ஆகவே பூச்சியைக் கல்சியம் தூளில் புரட்டிக் கொடுக்க வேண்டும். கொடுப்பதற்கு முதல் நாள் அந்தப் பூச்சிக்குக் கீரையும் கரட்டும் பூசணியும் கொடுங்கள். பூச்சியின் வயிற்றில் இருப்பதும் சேர்த்துத்தான் பச்சோந்தியின் சாப்பாடு.

உண்ட கல்சியம் உடலில் சேர விற்றமின் டி3 வேண்டும். பச்சோந்தி அதை வெயிலில் உள்ள புறஊதாக் கதிரிலிருந்து தானே செய்துகொள்ளும். புத்தளம் வெயிலில் இதற்குக் குறைவே இல்லை. ரொறன்ரோக் குளிரில் வீட்டுக்குள் இருக்கும் பச்சோந்திக்கு அந்தக் கதிரைத் தரும் விசேட விளக்கு வேண்டும். கண்ணாடி யன்னல் வழியே வரும் வெயில் பயன்படாது. தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும். விளக்கு எரிவது கண்ணுக்குத் தெரிந்தாலும் ஆறு மாதம், ஒரு வருடத்தில் அந்தக் கதிர் தேய்ந்துபோகும். மாற்றியே ஆக வேண்டும்.

● முதல் ஒன்றிரண்டு கிழமை வயிறு நிறையக் கொடுங்கள். அதற்குப் பிறகு குறையுங்கள். இது கேட்பதற்குக் கொடுமையாக இருக்கும். பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியமும் பலகாரமும் கொடுத்துத் தேற்றும் நம் வழக்கத்துக்கு எதிரானது. ஆனால் முக்காட்டுப் பச்சோந்தி சாப்பிடச் சாப்பிட அடுத்த முட்டைகள் எண்ணிக்கையில் பெருகும். மூன்று நான்கு மாதத்தில் மறுபடி முட்டை வரும். தேறியதும் ஒருநாள் விட்டு ஒருநாள், அளவாகச் சில பூச்சிகள் போதும். வெயில் காயும் இடத்தின் வெப்பத்தை 27 முதல் 29 பாகை செல்சியசுக்குள் வைத்தால் முட்டைகளின் எண்ணிக்கை இன்னும் குறையும். ஆண் பச்சோந்தியைக் கண்ணிலும் காட்டாதீர்கள். ஒரு முறை சேர்ந்த பெண் ஆணின் விந்தை உடலில் சேமித்து வைத்து, அடுத்த தடவையும் கருவுற்ற முட்டையிடக் கூடியது.

● கைவைக்காமல் வைத்தியரிடம் ஓட வேண்டிய நேரமும் உண்டு. முட்டையிட்ட பிறகு வயிறு ஒட்டிப் போக வேண்டும். ஒட்டாமல் உப்பியே இருந்தால் உள்ளே முட்டை மிச்சம் இருக்கலாம். பகலில் கண்ணை மூடித் தூங்கும் பச்சோந்தி நலமாக இருக்கும் பச்சோந்தி அல்ல. கூட்டின் தரையில் கிடப்பது, நாள் முழுக்க இருண்ட நிறத்திலேயே இருப்பது, நாட்கணக்கில் தோண்டித் தோண்டி முட்டையிடாமல் விடுவது, இவை எல்லாம் ஆபத்து. வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள், முட்டை உள்ளே உடைந்துவிடும். ஊர்வனவற்றுக்கு வைத்தியம் தெரிந்த மிருக வைத்தியர் எக்ஸ்ரே எடுத்தால் தெரிந்துவிடும். ஒரு நாள் பொறுத்துப் பார்க்கலாம் என்று இருப்பதுதான் பல சமயம் உயிரை வாங்குகிறது.

● எல்லாப் பச்சோந்தியும் முட்டையிடுவதில்லை. கென்யாவிலும் தன்சானியாவிலும் வாழும் ஜக்சன் பச்சோந்தி குட்டி போடும். ஆணுக்கு மூக்கில் ஒன்று, கண்களுக்கு மேலே இரண்டு என மூன்று கொம்பு.

● மடகஸ்காரில் 'லபோர்ட்' பச்சோந்தி என்று ஒன்று. எட்டு, ஒன்பது மாதம் முட்டைக்குள் இருந்துவிட்டு, வெளியே வந்து நான்கைந்து மாதத்தில் வளர்ந்து, முட்டையிட்டு, இறந்துபோகும். தாய்மார் முட்டையிட்ட கொஞ்ச நாளில் அந்த இனத்தின் உயிர் முழுவதும் மண்ணுக்குள் முட்டையாகத்தான் இருக்கும். 2008இல் இது வெளியானபோது விலங்கியலாளர்களே வியந்தார்கள். நம் பச்சோந்தி அப்படி அல்ல. முட்டையிட்ட தாய் தேறி, அடுத்த மழைக்கும் இறங்கி வரக்கூடியது. தேற விட்டால்.

● தாய் முட்டையைக் காவல் காப்பதில்லை. மூடியதோடு சரி. உடும்பும் கீரியும் நாயும் மோப்பம் பிடிக்காமல் இருந்தால், சில மாதங்கள் கழித்துக் குஞ்சுகள் தாங்களே ஓட்டைக் கிழித்து, மண்ணைத் துளைத்து மேலே வரும். முதல் நாளிலிருந்தே நாக்கை வீசி வேட்டையாடும். யாரும் கற்றுக் கொடுப்பதில்லை.

● தோட்டம் கொத்தும்போது மண்வெட்டியில் வெள்ளை முட்டைகள் தட்டுப்பட்டால் என்ன செய்வது? பாம்பு முட்டை என்று உடைத்துவிடுகிறார்கள். பச்சோந்தி முட்டையாகவும் இருக்கலாம், ஓணான் முட்டையாகவும் இருக்கலாம். உடைக்காதீர்கள். எடுத்துக் கையில் உருட்டியும் பார்க்காதீர்கள். கோழி முட்டையை அடைக்கு வைத்தால் புரட்டுவோம். ஊர்வனவற்றின் முட்டையைப் புரட்டக் கூடாது. கரு உள்ளே ஓட்டின் மேற்பக்கம் ஒட்டி வளர்கிறது. தலைகீழானால் செத்துவிடும். எந்தப் பக்கம் மேலே இருந்ததோ அந்தப் பக்கம் மேலே இருக்க, அதே ஆழத்தில், ஈர மண்ணால் மூடிவிட்டு, ஒரு கம்பை நட்டு அடையாளம் வைத்து, அந்த அடி நிலத்தைச் சில மாதங்களுக்கு விட்டுவிடுங்கள். வெளிநாட்டில் கூட்டில் வளர்ப்பவர்கள் முட்டையைத் தோண்டி எடுக்கும்போது மேற்பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வைப்பது இதற்காகத்தான்.

● பச்சோந்திக்கு விஷம் இல்லை. கொட்டாது, பாயாது, எச்சில் பட்டால் தோல் புண்ணாகாது. பயந்தால் வாயைப் பிளந்து சீறும், மிகவும் நெருக்கினால் கடிக்கும், அவ்வளவுதான். எங்கள் வளவு வேம்பில் ஒன்றைக் கண்ட நாளில் நாங்கள் சிறுவர்கள் கல் எடுத்தோம். விஷம் என்று பெரியவர்கள் சொல்லியிருந்தார்கள். அது ஓடவில்லை. ஓட அதற்குத் தெரியாது. கிளையின் மறுபக்கம் மெல்லத் திரும்பி ஒளிந்தது. இன்றும் அந்தக் காட்சி உறுத்துகிறது. உங்கள் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள்.

● முட்டையிட்டு முடித்த பெண் தரையில் நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அதற்குக் கண்டம். காகம், பூனை, தெருநாய், பிறகு வாகனம். பாலாவியிலிருந்து கற்பிட்டிக்கும், புத்தளத்திலிருந்து வனாத்தவில்லு வழியாக எலுவன்குளத்துக்கும் போகும் வீதிகள் அதன் ஊரை இரண்டாகப் பிரிக்கின்றன. ஓர் அடி வைத்து, ஆடி, மறு அடி வைக்கும் பிராணி வீதியைக் கடக்க எவ்வளவு நேரம் எடுக்கும் என்று பாருங்கள். முன்பு வளவுக்கு வளவு உயிர்வேலி இருந்தது. பூவரசும் முருங்கையும் கிளை கோத்து நின்றன. தரையைத் தொடாமலே ஒரு பச்சோந்தி ஊரைக் கடக்கலாம். மதில் கட்டக் கட்ட அந்தப் பாதை அறுந்துபோயிற்று. உங்கள் வளவில் ஒரு பக்கமாவது உயிர்வேலியை விட்டுவையுங்கள். முட்டையிட்டுக் களைத்த உடல் ஏறிக்கொள்ள அதுவே பெரிய உதவி.

● வீதியில் கண்டால் வாலைப் பிடித்துத் தூக்க வேண்டாம். பல்லிக்கு அறுந்த வால் மறுபடி முளைக்கும், பச்சோந்திக்கு முளைக்காது. முதுகைப் பிடித்தும் தூக்க வேண்டாம். மேலிருந்து வரும் கை அதற்குப் பருந்து. ஒரு நீளக் கம்பை முன்னங்காலுக்கு முன்னே வையுங்கள், பற்றிக்கொள்ளும். அது போய்க்கொண்டிருந்த பக்கத்தில், கிட்ட உள்ள இலை அடர்ந்த மரத்தில் கம்பைச் சாய்த்துவிட்டால் தானே ஏறும். தூரத்துக் காட்டில் கொண்டுபோய் விடுவது நன்மை அல்ல. அதற்குத் தன் மரம் தெரியும். உங்களிடம் தண்ணீர்ப் போத்தல் இருந்தால், அது ஏறிய கிளைக்கு மேலே உள்ள இலைகளில் கொஞ்சம் தெளித்துவிட்டு விலகுங்கள். படம் எடுக்க வேண்டுமென்றால் தூர நின்று ஒன்று எடுங்கள். எந்த இடம் என்று ஊருக்கு அறிவிக்க வேண்டாம்.

● அடிபட்டிருந்தால், காற்றுத் துளையிட்ட காட்போட் பெட்டியில் ஒரு கிளையைப் போட்டு, அதை உள்ளே விட்டு மூடி, நிழலில் வைத்துவிட்டு, வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தின் 1992 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள்.